குருவம்மாள் பேர் வாங்கிய கல்

செங்கண்மாய் ஊருக்கு அந்தக் கல் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையொன்றில், காலை பஸ்களெல்லாம் போய்க் கடைகள் திறக்கிற நேரத்தில், கிழக்கேயிருந்து கண்மாய்க்கரைப் பனைகளுக்கு மேலாக வந்தது. வந்து, பஸ் ஸ்டாண்டு, காய்கறி மார்க்கெட், நூல் மில்லின் புகைபோக்கி என்று ஊரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, ரத வீதியில் உரக்கடை பெருமாள்சாமி வீட்டு மொட்டைமாடிக்கு மேலே வந்ததும் நடை தளர்ந்து, நிற்கிறதா நகர்கிறதா என்று சொல்ல முடியாதபடி மிதந்தது. எதிர்க்கடையில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அந்தா, குருவம்மா மதினி பேத்தி வந்திருச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி மாவுக்குள் கையை விட்டார்.

யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. ஒருத்தர் பேரை வாங்கிய பிள்ளைதானே பேரன், பேத்தி என்பது. பேர் வாங்கிய பிள்ளை பேர் கொடுத்தவளைப் பார்க்க ஒரு தரமாவது வராமல் இருக்குமா என்று, பேப்பரில் செய்தி வந்த நாளிலிருந்தே ஊர் பேசிக்கொண்டுதான் இருந்தது. கிலோமீட்டர் கணக்கில் அகலம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள், வந்தது ஒரு நெல் லாரி அளவுதான். வெளியூருக்கு வரும்போது யாருமே கொஞ்சம் ஒடுங்கித்தான் வருவார்கள் என்று அதற்கும் ஊரே சமாதானம் சொல்லிக்கொண்டது.

பேப்பர் செய்தி இதுதான். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றிக்கொண்டு கணக்கில்லாத கற்கள் திரிகின்றன. எங்கோ ஒரு மலை உச்சியில் தொலைநோக்கியோடு இருக்கும் பிச்சைமணி என்கிற விஞ்ஞானி, நட்சத்திரங்களெல்லாம் இருந்த இடத்தில் இருக்க ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருப்பதைப் படங்களில் கண்டுபிடித்தார். அதன் பின்னாலேயே வருஷக்கணக்கில் போய், அது போகிற வழி இன்னதுதான் என்று உறுதியான பிறகு முதலில் அதற்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். பிறகு, கண்டுபிடித்தவருக்கு உள்ள உரிமைப்படி அவர் ஒரு பேரை எழுதி அனுப்ப, உலகத்துக்குப் பொதுவாகப் பேர் வைக்கிற சபை அதை ஒத்துக்கொண்டது. பேர், குருவம்மாள். கீழே ஒரே ஒரு வரி: 'செங்கண்மாயில் மாணவனாகக் குடியிருந்த காலத்தில், வானம் பார்க்க மொட்டைமாடிக் கதவைத் திறந்துவிட்டு, விடியலில் காபி தந்த பெண்மணியின் பேர்.'

அந்த வரியைப் பெருமாள்சாமி கடையில் வைத்து நாலு பேருக்குச் சத்தமாக வாசித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவிக்கும் வாசித்தார். குருவம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவள் அந்தக் கதவை யாருக்கும் திறந்துவிட்டதில்லை. அந்தப் பையனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. பெருமாள்சாமிக்கும் அது தெரியும். அவர் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "நல்ல பையன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனார்.

காபி கொடுத்தவள் சீனித்தாய். பெருமாள்சாமியின் தம்பி பெண்டாட்டி, குருவம்மாளுக்கு ஓரகத்தி. கல்யாணமான மறுவருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, போக மனமில்லாமல் அந்த வீட்டிலேயே அடுப்படியும் கிணற்றடியுமாக இருந்தாள். கீழே உரமூட்டை அறைக்குப் பக்கத்து அறையில் காலேஜ் படிக்கிற பிச்சைமணி வாடகைக்கு இருந்தான். ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்க்கிற பைத்தியம் அவனுக்கு. மாடிச் சாவி ஆணியில் தொங்கும். சீனித்தாய்தான் எடுத்துக் கதவைத் திறந்துவிடுவாள். விடியலில் எழுந்து பால் காய்ச்சும்போது அவனுக்கும் ஒரு டம்ளர் காபி கலந்து மேலே கொண்டுபோய் வைப்பாள். டம்ளர், குருவம்மாள் சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளர். வயிற்றில் 'குருவம்மாள்' என்று பேர் வெட்டியிருக்கும். அவன் அவளை அக்கா என்றே கூப்பிட்டான். பேரைக் கேட்கக் கூச்சப்பட்டவன், கையில் இருந்த டம்ளரில் வாசித்துக்கொண்டான் போலிருக்கிறது.

ஒரு நாள் காலை அடுக்கில் டம்ளர் ஒன்று குறைந்தது. குருவம்மாள் தேடிக்கொண்டு மாடிக்குப் போனாள். கைப்பிடிச் சுவரில் டம்ளர் இருந்தது. அந்தப் பையன் ஒரு காகிதத்தில் வட்டம் வட்டமாக எதையோ வரைந்து காட்ட, சீனித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் இல்லை. வேறு ஒன்றும் இல்லை என்பது குருவம்மாளுக்கு அந்த நிமிஷமே தெரியும். ஆனால் அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் சிரித்து அவள் கேட்டதில்லை, அவளே சிரித்ததில்லை. அது எங்கேயோ போய்க் குத்தியது. பையன் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போகிறவரை பொறுத்திருந்து, "என் டம்ளரு இங்க எப்படி வந்துச்சு?" என்றாள். அதோடு நின்றிருக்கலாம். சீனித்தாய் சிரிப்பு மாறாமலே, "டம்ளருதானக்கா, கழுவி வச்சிருவேன்" என்றாள்.

"டம்ளரு மட்டுந்தானா?" என்று கேட்டாள் குருவம்மாள்.

அந்தச் சொல் படி இறங்கி, அடுப்படி தாண்டி, கடைக்கு வந்து, தெருவுக்குப் போனது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு நேரம் இருந்தது. மாமியார் சீனித்தாயைக் கூப்பிட்டு விசாரித்தபோது இருந்தது, பெருமாள்சாமி பையனிடம் அறையைக் காலி பண்ணச் சொன்னபோது இருந்தது, சீனித்தாயின் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வந்து தகரப் பெட்டியைத் தூக்கியபோதுகூட இருந்தது. அத்தனை நேரமும் குருவம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

இப்போது கல் வந்துவிட்டது.

ஊர் அதை ஒரு வாரத்தில் பழக்கிக்கொண்டது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் அது கிழக்கேயிருந்து வரும், ஊரைச் சுற்றும், ரத வீதியில் வெகுநேரம் தங்கும், பிறகு கண்மாயைத் தாண்டிப் போய்விடும். தாண்டி எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை, போய்த்தான் வருகிறதே என்று விட்டுவிட்டார்கள். பூக்காரிகள் அதன் நிழலோடு கூடைகளை நகர்த்திக்கொண்டார்கள். வற்றல் காயப்போட்டவர்கள் நிழல் வருகிறதென்று திட்டினார்கள். மின்சார ஆபீஸிலிருந்து வந்து கம்பியைக் கொஞ்சம் இறக்கிக் கட்டினார்கள். குழந்தை இல்லாதவர்கள் உரக்கடை வாசல் வேப்பமரத்தில் மஞ்சள் கயிறு கட்ட ஆரம்பித்தார்கள். ஆசாரி ஒருவர் பேத்திக்குக் காது குத்திவிடலாம் என்று மாடிக்கு ஏறிப்போய் வெகுநேரம் பார்த்துவிட்டு, காது எது என்று பிடிபடவில்லை என்று இறங்கி வந்தார். தண்ணீர்த் தொட்டியில் அது லேசாக இடித்துவிட்டால், "மதினி, ஒங்க பேத்தி எங்க தொட்டிய ஒரசிட்டுப் போயிருச்சு" என்று புகாரும் குருவம்மாளிடம்தான் வந்தது.

பிள்ளையில்லாத குருவம்மாளுக்கு, அறுபதைத் தாண்டிய வயதில், தெருவே எழுந்து நின்று வணக்கம் சொன்னது. அவள் எல்லாவற்றுக்கும் தலையைத் தலையை ஆட்டினாள். கடைக்குப் போகிறவள் முக்காடு போட்டுக்கொண்டு போனாள். மாடியில் துணி காயப்போடுவதை நிறுத்தினாள். கல் தலைக்கு மேலே வந்து அசையாமல் கிடக்கிற நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள்; காரைத் தளத்துக்கு மேலே அது தன்னையே உற்றுப் பார்ப்பதுபோல உச்சந்தலை கூசும். பெருமாள்சாமி மட்டும் அண்ணாந்து பார்த்து, "பாசம். நின்னு நின்னு போகுது பாரு" என்பார். அவர் அந்தப் பொய்யைச் சொல்லச் சொல்ல நம்பிவிட்டார் என்பதைப் பார்க்கக் குருவம்மாளுக்குப் பயமாக இருந்தது.

ஆவணியில் பாராட்டு விழா வைத்தார்கள். மில் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மேடை போட்டு, மைக் வைத்து, பிச்சைமணியையும் வரவழைத்தார்கள். முன்தலை வழுக்கையாகி, பின்தலை நரைத்து, காரிலிருந்து இறங்கிய மனிதர் முதலில் வானத்தைப் பார்த்தார். "இங்கதான் வந்திருக்கா? அங்க ஒரு மாசமாக் காணோம்னு தேடிட்டிருந்தோம்" என்று நிம்மதியாகச் சிரித்தார். பிறகு மேடையேறி, பட்டுச் சேலை கட்டி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த குருவம்மாளின் முன்னால் மாலையோடு வந்து நின்றார். நின்றவர் அவள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். அவளுக்குப் பின்னால் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தார்.

அவர் கண்டுகொண்டார் என்பது குருவம்மாளுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்க அதுவே நேரம். மைக் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கீழே ஊரே கைதட்டிக்கொண்டிருந்தது, பெருமாள்சாமி முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். மாலை விழுந்தது.

மதியம் சாப்பாடு உரக்கடை வீட்டில். பிச்சைமணி இலையில் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். பெருமாள்சாமிதான் கேட்டார்.

"ஏன் தம்பி, ஊரெல்லாம் ஓடுது, எங்க வீட்டு மேல வந்தா மட்டும் அசைய மாட்டேங்குதே. பாசந்தான?"

பிச்சைமணி சாம்பாரில் விரலைத் தொட்டு இலையோரத்தில் நீள்வட்டமாக ஒரு கோடு இழுத்தார். குருவம்மாள் பொரியல் சட்டியோடு அப்படியே நின்றாள்.

"அது அப்படி இல்லீங்க. எதைச் சுத்துதோ அது நடுவுல இருக்காது, ஒரு ஓரமா ஒதுங்கி இருக்கும். இந்தா, இங்க. இதுக்குப் பக்கத்துல வரும்போது கல்லு வேகமா ஓடும். இதைவிட்டு விலகி விலகிப் போகப் போக மெதுவாயிரும். ரொம்பத் தூரத்துல இருக்கிற முனையிலதான் நிக்கிற மாதிரி தெரியும்." கோட்டின் ஒரு முனையில் வைத்த விரலை எடுக்காமல், "இது அந்த முனை" என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டதுபோல, அந்தக் கோட்டின் மேலேயே சோற்றை இழுத்துப் பிசைந்தார்.

பெருமாள்சாமி எழுந்து கை கழுவப் போனார். அவர் கை கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பிச்சைமணி குரலைத் தாழ்த்தி, "அவங்க இருக்காங்களாக்கா?" என்று கேட்டார்.

"இருக்கா. கண்மாய்க்கு அந்தாண்ட, மேட்டுவாகையில. அண்ணன் வீட்டுக்குப் பக்கத்துலயே ஒண்டியா இருக்கா."

"அறைக்கு வெள்ளையடிக்கணும்னு என்னைக் காலி பண்ணச் சொன்னீங்க. நான் அதை நம்பிட்டேன்."

குருவம்மாள் சட்டியைக் கீழே வைத்தாள். "பேரை மாத்திரு தம்பி. அவ பேரு சீனித்தாயி. சீனித்தாயின்னு போட்டுரு."

"முடியாதுக்கா. ஒருதரம் வச்சாச்சுன்னா மாத்த மாட்டாங்க. நாமெல்லாம் போனதுக்கப்புறமும், இந்த ஊரே இல்லாமப் போனாலும், அதுக்கு இதுதான் பேரு." கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறவர் மாதிரி சொன்னார். அது இன்னும் சுட்டது. போகும்போது பெருமாள்சாமியிடம் கை குலுக்கியவர், அவளைப் பார்த்து வெறுமனே தலையசைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் பக்கத்து வீட்டு ராமுத்தாய் முறுக்குத் தட்டோடு வந்தபோது குருவம்மாளால் தாங்க முடியவில்லை. காபி கொடுத்தது தான் இல்லை என்று, மாலையைத் தான் வாங்கியது தப்பு என்று சொன்னாள். ராமுத்தாய் ஒரு முறுக்கை எடுத்து ஒடித்தாள்.

"எங்களுக்குத் தெரியாதா மதினி?"

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். சீனித்தாயி காபி கொண்டுபோறத எங்க மாடியிலருந்து தெனமும் பாத்தவதான நானு. நீங்க சொன்ன சொல்லும் தெரியும், அவுக அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனதும் தெரியும். தெருவுக்கே தெரியும். ஊருக்கு ஒரு பேரு வந்திருக்கு, அதப் போயி எதுக்குக் கெடுத்துக்கிட்டுன்னு யாரும் பேசல." முறுக்கை மென்றுகொண்டே, ஆறுதலாகத்தான், சொன்னாள். "விடுங்க. அதெல்லாம் யாரு நெனச்சுட்டிருக்கா."

இத்தனை நாளும் எழுந்து நின்று வணக்கம் சொன்ன ஒவ்வொரு முகமும் குருவம்மாளுக்கு ஞாபகம் வந்தது. வணக்கம் சொல்லும்போதே தெரிந்திருக்கிறது. வேப்பமரத்தில் கயிறு கட்டும்போதே தெரிந்திருக்கிறது. கல்லைப் பழக்கிக்கொண்ட மாதிரியே, அதற்கு வெகுகாலம் முன்பே, அவள் செய்ததையும் ஊர் பழக்கிக்கொண்டு நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறது. தனக்குத் தெரிந்த அவமானத்தை ஒளித்து ஒளித்து வைத்திருந்தவளுக்கு, அதை ஊரே பொத்திப் பாதுகாத்து வந்திருக்கிறது என்று கேட்டபோது, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியவில்லை.

அவள் மேட்டுவாகை பஸ் ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே கல்லும் கூடவே வந்தது. ஊருக்குள் சோம்பிக் கிடந்த கல், கண்மாயைத் தாண்டியதும் நடை போட்டது, கருவேலங்காட்டைத் தாண்டியதும் ஓட்டம் பிடித்தது, மேட்டுவாகை எல்லையில் பஸ்ஸை முந்திக்கொண்டு பாய்ந்து போனது. முகம் பார்க்க இவ்வளவு வேகமாக ஓடுகிற பிள்ளையை அவள் பார்த்ததில்லை.

சீனித்தாய் வீட்டு முன்னறையில் தையல் மெஷினும், நைட்டிக்கு வெட்டிய துணிகள் ஆள் உயரத்துக்குக் குவியலுமாக இருந்தன. தலை முழுக்க நரைத்திருந்தது. மூக்கில் கண்ணாடி. வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த தையலை அதன் விளிம்புவரை ஓட்டி முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

"வாக்கா" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

குருவம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னாள். பேப்பரில் வந்ததை, மேடையில் நடந்ததை, பேரை மாற்ற முடியாது என்று அந்தப் பையன் சொன்னதை. "நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி சீனி. சொல்லும்போதே எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றாள் சீனித்தாய். "அதனாலதான் நான் ஒண்ணும் பேசல. தெரியாமச் சொன்னவகிட்டப் பேசலாம்."

குருவம்மாள் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். "கல்லுக்குப் பேர மாத்த முடியாதுன்னா என் பேர நீ வச்சுக்கோ. நான் எல்லாரு முன்னாடியும் சொல்லிர்றேன். இனிமே நீதான் குருவம்மா. எனக்குப் பேரே வேண்டாம்."

சீனித்தாய் கண்ணாடியைக் கழற்றினாள். "நல்லாயிருக்கே. ஒன் பேர நான் எதுக்குச் சொமக்கணும்? ஒன் சொல்லையே இத்தன வருசம் சொமந்துட்டேன். பேர நீயே வச்சுக்க. கேக்கும்போதெல்லாம் கேட்டுட்டு இரு."

அந்த நேரம் கூரைக்கு வெகு அருகே ஒரு இரைச்சல் எழுந்தது. கல் வந்துகொண்டிருந்தது. அது வருகிற வேகத்தில் ஒரு காற்றும் கூட வந்து ஜன்னல் வழியாகப் புகுந்து, வெட்டி அடுக்கிய துணிகளை, கையை, கழுத்தை, பூப்போட்ட நீளமான முதுகுகளை அள்ளி அறை முழுக்க வீசியது. சீனித்தாய் ஒரு பக்கத்துக் குவியலின் மேல் மார்போடு கவிழ்ந்து விழுந்து பிடித்துக்கொண்டு, இவளைப் பார்க்காமலே கத்தினாள்.

"பாத்துட்டு நிக்கிற? அந்தப் பக்கத்தப் பிடி!"

குருவம்மாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பாய்ந்து இன்னொரு குவியலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள். இரைச்சல் தலைக்கு மேலே கடந்து போனது. "தெனமும் இதே எழவு" என்று முணுமுணுத்துக்கொண்டு சீனித்தாய் சிதறியதைப் பொறுக்கினாள். குருவம்மாளும் பொறுக்கினாள். அன்றைக்கு அது இன்னொரு தரம் வந்தது. இன்னொரு தரமும் அவள் பிடித்தாள்.

அதற்குப் பிறகு தினமும் அவள் மேட்டுவாகை பஸ்ஸில் போனாள், துணியைப் பிடித்துவிட்டுத் திரும்பினாள். செங்கண்மாயில் கேட்டவர்களுக்கு, கல் சீனித்தாயைப் பார்க்க வந்தது என்றும், தன் பேர் அதில் தப்பாக ஒட்டிக்கொண்டது என்றும், ஏன் ஒட்டிக்கொண்டது என்றும் ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டவர்கள் சங்கடப்பட்டார்கள், பேச்சை மாற்றினார்கள், கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நிற்பதை விட்டார்கள். வேப்பமரத்தில் மட்டும் கயிறு கட்டுவது நிற்கவில்லை. பெருமாள்சாமி கடையிலேயே சாப்பிடத் தொடங்கினார். மேட்டுவாகையில் அவளுக்குக் காபி யாரும் கொடுக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

தை பிறந்து, கரும்புத் தோகைகள் தெருவில் கிடந்த ஒரு காலையில், கல்லைக் காணோம். பூக்காரிகள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டார்கள். அது தன் வழிக்கு, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, திரும்பிவிட்டதாக மலையிலிருந்து பிச்சைமணி போன் பண்ணிச் சொன்னார்.

அன்றைக்கும் குருவம்மாளின் கால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. மேட்டுவாகையில் இறங்கி நடந்த பிறகுதான், இனிமேல் அந்த வீட்டுக்குள் போக ஒரு காரணமும் இல்லை என்பது உறைத்தது. வாசல்வரை போய் நின்றாள். காற்றே இல்லை. துணிக் குவியல்கள் ஆடாமல் அசங்காமல் இருந்தன. பிடிக்க ஒன்றுமில்லாத கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். வந்தது தப்பு என்று திரும்பினாள்.

மெஷின் சத்தம் நின்றது. சீனித்தாய் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் போய், துணி பறக்கும் என்று எந்தக் கோடையிலும் போடாத மின்விசிறியின் பொத்தானைத் தட்டி, திருகைக் கடைசிவரை திருகினாள். விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது, வேகம் பிடித்தது. குவியல்களின் மேல்துணிகள் ஒவ்வொன்றாக எழும்பின.

"அந்தப் பக்கத்தப் பிடி" என்று சொல்லிவிட்டு அவள் மெஷினில் உட்கார்ந்தாள்.

குருவம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தலையைக் குனிந்துகொண்டு, பிடித்தாள்.